முட்டைக்குச் சொன்ன உண்மை

எக்ஸ்ரே அக்காவின் கையில் எதைக் கொடுத்தாலும், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். வெங்காயத்தைப் பார்ப்பாள். தபாலில் வந்த உறையைப் பிரிப்பதற்கு முன்னால் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் கைக்குழந்தையைக் கொஞ்சக் கொடுத்தபோது, அதன் காதுமடலை ஜன்னல் பக்கம் திருப்பி, உள்ளே சிவப்பாய் ஓடிய நரம்பில் மெய்ம்மறந்து நின்றாள். "குழந்தை நல்லாத்தான் இருக்கு, குடுங்க" என்று தாய்க்காரி வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை, வேலை அப்படி. ஊருக்கு வெளியே இருந்த ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் முட்டைக்கு விளக்குப் பிடிப்பவள் அவள். இயந்திரத்தின் சூட்டில் ஒரு வாரம் இருந்த முட்டைகளைத் தட்டுத் தட்டாக இருட்டறைக்குக் கொண்டுவருவார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் சின்ன விளக்கை வைத்து, உள்ளே உயிர் பிடித்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எதிரே ஒரு தோழி தட்டோடு நிற்பாள். இருட்டில் அவளுக்கு முகமும் தெரியாது, முட்டையும் தெரியாது. அக்காவின் குரல்தான் கணக்கு. அந்த அறையில் மூன்றே சொற்கள். உயிர் இருந்தால் "ஓடுது." கரு பிடிக்காத முட்டை என்றால் "வெத்து." பிடித்து, துடித்து, பாதியில் அடங்கிப்போனது என்றால் "நின்னுது." நாள் முழுக்க அந்த அறைக்குள் வேறு பேச்சே கிடையாது. வெளியே வந்தால் இருவரும் சேர்த்துவைத்துப் பேசித் தீர்ப்பார்கள், அது வேறு விஷயம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளை அவள் யாரிடமும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. நல்ல முட்டை, கெட்ட முட்டை பிரிக்கிற வேலை என்றுதான் நினைத்துக்கொண்டு போனாள். விளக்கு வைத்ததும் முட்டை முழுக்கச் செம்மஞ்சளாகப் பற்றிக்கொண்டது. அதற்குள்ளே தலைமுடியைவிட மெல்லிய சிவப்பு இழைகள் நாலாபக்கமும் கிளைவிட்டிருந்தன. நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. அம்மா இல்லை, அப்பா இல்லை, யாரும் வா என்று கூப்பிடவில்லை. மூடிய ஓட்டுக்குள் தன்பாட்டுக்கு அது துடித்துக்கொண்டிருந்தது. "சொல்லுக்கா, எந்தத் தட்டுல வைக்க?" என்று தோழி கேட்ட பிறகுதான் "ஓடுது" என்றாள்.

அதற்காக அன்றைக்கே அவள் கறி தின்பதை விட்டுவிட்டாள் என்று நினைத்துவிடக் கூடாது. மனுஷ மனசு அவ்வளவு நேர்க்கோட்டில் போவதில்லை. வேலை வேறு, வயிறு வேறு என்று வருடக்கணக்கில் ஓட்டினாள். மத்தியானம் டப்பாவில் அவித்த முட்டை இருக்கும், விடுமுறை நாளில் வீட்டில் கோழி வேகும். பொரிப்பகத்து ஆட்கள் வீட்டில் ஒரு கிளிகூட வளர்க்கக் கூடாது, கோழி வெட்டும் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. வெளியே இருக்கிற நோய் கையிலோ துணியிலோ ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டால் அத்தனை முட்டையும் போச்சு. வாசலிலேயே தலைக்குக் குளித்து, அவர்கள் தருகிற உடுப்பை மாட்டிக்கொண்டுதான் தினமும் உள்ளே போக வேண்டும். அதனால் வீட்டுக்குக் கறி வாங்குவது, கழுவுவது, நறுக்குவது எல்லாம் கணவர் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவர் ஒருநாளும் தட்டிக் கழித்ததில்லை.

கணவர் தையற்காரர். மாடியில் ஒரு சின்னக் கடை, ஒரு தையல் மெஷின், நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. கைவேலையில் கெட்டிக்காரர், சாப்பாட்டில் அதைவிடக் கெட்டிக்காரர். பிள்ளைகள் தலையெடுத்து வெளியூர் போன பிறகு, அவர்கள் பங்கையும் தானே கவனித்துக்கொண்டார். ஒருநாள் கடைப்படி ஏறும்போது நெஞ்சை இறுக்கிப் பிடித்தது. பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

இதய டாக்டர் எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு விளக்கை அணைத்தார். தையற்காரர் சட்டையைக் கழற்றி ஒருக்களித்துப் படுத்திருந்தார், அக்கா காலடியில் நின்றாள். டாக்டர் பசையைத் தடவி நெஞ்சில் கருவியை வைத்ததும் திரையில் வெளிச்சம் வந்தது. சாம்பல் நிறத்தில் ஏதோ கலங்கியது, பிறகு தெளிந்தது. நடுவில் ஒன்று திறந்து மூடித் திறந்து மூடித் துடித்தது.

"ஓடுது" என்றாள் அக்கா, கணீரென்று. அடுத்த முட்டைக்காகக் கையும் நீண்டது.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். படுத்திருந்தவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வயிறு குலுங்கியதில் படமும் குலுங்கியது. ஆடாமல் இருங்கள் என்று அவருக்கு ஓர் அதட்டல் விழுந்தது. விஷயத்தைக் கேட்ட பிறகு டாக்டரும் சிரித்தார். "சரியாத்தான் சொன்னீங்கம்மா. இப்ப ஓடுது" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்திருந்தது. இந்த மனுஷரோடு எத்தனை வருஷக் குடித்தனம். இவருடைய குறட்டை தெரியும், கோபம் தெரியும், எந்தச் சட்டைக்கு எந்த பட்டன் என்பதுவரை தெரியும். இவருக்குள்ளே இப்படி ஒன்று, யாரும் பார்க்காத இருட்டில், அவள் கல்யாணம் பண்ணிக்கொள்வதற்கு முன்னாலிருந்தே ஒரு நொடி உட்காராமல் உழைத்துக்கொண்டிருக்கிறது என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை. முட்டைக்குள் துடிப்பதும் இதுவும் ஒன்றேதான். அது சின்னது, இது கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

டாக்டர் விளக்கைப் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார். இதயம் இன்னும் களைத்துப் போகவில்லை, ஆனால் அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் கொழுப்பு படிந்திருக்கும் என்று சந்தேகம். ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பும் எகிறிக் கிடக்கிறது. மாத்திரையை விடக் கூடாது, தினம் நடக்க வேண்டும். கறியையும் வறுவலையும் விட்டு, கீரை, காய், பருப்பு, பழம் என்று மாறினால் பெரிய உதவியாக இருக்கும். "மறுபடி ஒரு எக்கோ எடுப்போம். அதுவரைக்கும் வாயைக் கட்டணும்" என்றார். தையற்காரர் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலத் தலையாட்டினார்.

மறுநாள் இருட்டறையில் அக்கா வழக்கம்போல விளக்குப் பிடித்தாள். ஓடுது, ஓடுது, வெத்து, ஓடுது என்று பழகிய வாய்தான். ஆனால் ஒவ்வொரு "ஓடுது"வுக்கும் அந்தச் சாம்பல் திரை கண்ணுக்குள் வந்து போனது. மத்தியானம் டப்பாவைத் திறந்து, அவித்த முட்டையைப் பழக்கதோஷத்தில் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தாள். வெள்ளையாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. மூடி வைத்துவிட்டாள்.

"கடை முட்டைதானேக்கா, அது வெத்துதான். அதுல ஏது உசுரு?" என்றாள் தோழி.

"தெரியும். ஆனா கை போக மாட்டேங்குது."

அன்றோடு முட்டையும் நின்றது, கறியும் நின்றது. பத்து பேருக்கு உபதேசம் பண்ணவில்லை, சாமிமேல் சத்தியம் பண்ணவில்லை. கணவருக்காக என்று ஆரம்பித்ததா, முட்டைக்காக என்று ஆரம்பித்ததா என்று கேட்டிருந்தால் அவளாலேயே பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. அடுத்த தடவை மருந்துக்குப் போனபோது டாக்டரிடம் சொன்னாள். நல்லது என்றவர், கூடவே இரண்டு விஷயம் சொன்னார். செடிகொடியில் கிடைக்காத ஒரு வைட்டமின் இருக்கிறது, அதற்கு மாத்திரை எழுதித் தருகிறேன், மறக்காதீர்கள். இன்னொன்று, சர்க்கரையும் எண்ணெய்ப் பலகாரமும்கூட சைவம்தான், அதைச் சாக்காக வைத்து உங்கள் வீட்டுக்காரர் உள்ளே தள்ளிவிடப் போகிறார்.

வீட்டில் பருப்பும் கீரையும் பயறும் மாறி மாறி வந்தன. தையற்காரர் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "ஆடு மேயறதும் நான் மேயறதும் ஒண்ணாயிடுச்சு" என்பார். ஆனாலும் தட்டைக் காலி பண்ணிவிடுவார். மனுஷர் திருந்திவிட்டார் என்று அக்கா மனசு குளிர்ந்திருந்தாள்.

அந்தக் குளிர்ச்சி துணி காயப்போடும் வரைக்கும்தான். ஒரு காலையில் அவருடைய கால்சட்டையை உதறிக் கொடியில் போடும்போது, கை தானாகவே அதைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தது. இடுப்புப் பட்டியின் பின்பக்கத்தில், பிரித்த பழைய தையலின் ஊசித் துளைகள் வரிசையாக ஒளிவிட்டன. அதற்கு ஒரு விரல்கடை தள்ளிப் புதுத் தையல். தையற்காரர் பெருத்தால் யாருக்குத் தெரியும்? தனக்குத் தானே பிரித்து விட்டுக்கொள்வார். கீரையைத் தின்று இடுப்பு பெருத்தவரை அவள் கேள்விப்பட்டதில்லை. பட்டியின் உட்புறத்தை விரித்துப் பார்த்தாள். இனிமேல் பிரித்துவிட அதில் துணியே இல்லை.

கேட்டதும் முதலில் மழுப்பினார், பிறகு ஒப்புக்கொண்டார். கடையிலிருந்து வரும் வழியில், கூண்டில் கோழியை அடைத்துவைத்து, கேட்டவுடன் வெட்டி வறுத்துக் கொடுக்கும் கடை ஒன்று. வாரத்தில் பாதி நாள் அங்கே ஆஜர். அக்கா கத்தவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும், தப்புப் பண்ணினவர் குரலை உயர்த்தினார்.

"நான் ஒரு கோழியத் தின்னா உனக்குப் பாவம். நீ தினம் எத்தனை குஞ்சு அனுப்பற? அதெல்லாம் எங்க போகுது? பண்ணையில ஒண்ணரை மாசம், அப்புறம் அதே கடைதானே?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. அவளுக்கு அது தெரியாதா? ஒவ்வொரு "ஓடுது"வும் எந்தக் கூண்டில் போய் முடிகிறது என்று நினைத்து அவள் தூக்கம் தொலைத்த நாட்கள் உண்டு. அந்த வயதில் வேறு வேலை யார் தருவார்கள் என்பது ஒரு பதில்தான், ஆனால் அது மனசுக்குப் போதுமான பதில் இல்லை.

"நீங்க கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல" என்றாள். "வேலை நேரத்துல எத்தனையோ தடவை 'நின்னுது'ன்னு சொல்லியிருக்கேன். உங்களப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வராது. அவ்வளவுதான்."

அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். இரண்டு பேரும் அன்று முழுக்கத் தேவைக்கு மட்டும் பேசினார்கள்.

இது இப்படியே கிடந்திருக்கும், இருட்டறையின் கறுப்புத் திரை கிழியாமல் இருந்திருந்தால். கிருமி சாகப் போடும் மருந்துப் புகையில் வருஷக்கணக்கில் ஊறிய துணி, ஒருநாள் இழுத்தவுடன் மேலிருந்து கீழ்வரை டர்ரென்று கிழிந்தது. கொஞ்சம் வெளிச்சம் கசிந்தாலும் முட்டைக்குள் பார்க்க முடியாது. உங்கள் வீட்டுக்காரர் தையற்காரர்தானே என்று மேனேஜர் கேட்டார். மெஷினை உள்ளே கொண்டுவர முடியாது, துணியைப் புகை போட்டு எடுத்துவைத்துவிடலாம், அவர் வந்து அளவெடுத்துக் கையாலேயே தைத்துக் கொடுக்க வேண்டும். வெளியாட்களுக்கு உள்ள விதி அவருக்கும் உண்டு. உள்ளே வருவதற்கு முன்னால் முழுசாக மூன்று நாள் எந்தப் பறவையையும் தொட்டிருக்கக் கூடாது, கோழிக்கடையை மிதித்திருக்கக் கூடாது. அதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்றார் மேனேஜர். அக்கா சரி என்றாள். வீட்டில் சொன்னபோது அவரும் சரி என்றார், கொஞ்சம் அதிக வேகமாகவே.

வரச் சொன்ன நாள் காலை அக்காவும் அவரும் சேர்ந்தே வந்தார்கள். கழுத்தில் அளவு நாடா, கையில் ஊசிநூல் டப்பா. மேனேஜர் வாசலிலேயே நின்று, மூன்று நாள் ஆயிற்றா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். அக்கா ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

தையற்காரர் வண்டிச் சக்கரங்களுக்காகக் கட்டியிருந்த மருந்துத் தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேனேஜரிடம் ஒரு கேள்வி கேட்டார். "யாராவது பொய் சொல்லிட்டு உள்ள போயிட்டா என்ன சார் ஆகும்?"

"ஒண்ணும் ஆகாமலும் போகலாம். ஆச்சுன்னா, உள்ள இருக்கறது மொத்தமும் போயிடும்."

"அப்ப நான் வரல சார். நேத்து சாயந்தரம் அந்தக் கடைக்குப் போயிருந்தேன்."

அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பொறுப்பு ஏற்றவள் அவள். மேனேஜர் நல்ல மனுஷர், உண்மையைச் சொன்னாரே, அதுவே பெரிசு, நாள் தள்ளி வரட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தெருமுனை வரை அக்கா கணவரோடு நடந்தாள். கோபத்தில் காது மடல் கொதித்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் ஓர் ஆச்சரியமும் கிடந்தது. பொய் சொல்ல எல்லா வசதியும் இருந்த இடத்தில், பெண்டாட்டி முன்னால் மானம் போகும் என்று தெரிந்தே, கண்ணால் கண்டிராத ஜீவன்களுக்காக இந்த மனுஷர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். இத்தனை நாள் இது எங்கே ஒளிந்திருந்தது? அவள் நின்றாள்.

"முகம் தெரியாத முட்டைக்கு உண்மையச் சொல்லிட்டீங்க" என்றாள். "அதே உண்மைய உங்க நெஞ்சுக்கு எப்பச் சொல்லப் போறீங்க?"

அவர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு அவர் வேறு தெரு வழியாக வந்தார், கொஞ்சம் சுற்று வழி. மூன்று நாள் கழித்து மறுபடியும் வாசலில் வந்து நின்றார். இந்தத் தடவை மேனேஜர் கேட்டதும் பதில் நேராக வந்தது. குளித்து உடுப்பு மாற்றும்போதுதான் தகராறு. அங்கே இருந்த பெரிய அளவுக் கால்சட்டையிலும் அவருக்குப் பட்டன் எட்டவில்லை. ஊருக்கெல்லாம் அளவெடுத்தவர், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். தோழி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரையைத் தைத்துக் கம்பியில் மாட்டியதும் அறை மையிருட்டானது. வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க வேண்டுமே, அக்கா ஒரு முட்டையை எடுத்து விளக்கின்மேல் வைத்தாள்.

அவர் குனிந்தார். செம்மஞ்சள் வெளிச்சம் அவர் மூக்கிலும் நெற்றியிலும் விழுந்தது. சிவப்பு இழைகளையும் நடுவில் துடித்த புள்ளியையும் பார்த்தார். இடுப்பைப் பிடித்திருந்த கை விட்டுப்போனதுகூட அவருக்குத் தெரியவில்லை. அவர் மூச்சு விடுவது அந்த இருட்டில் நன்றாகக் கேட்டது.

"எப்பலேருந்து இப்படி?" என்றார், ரகசியம் பேசுகிற குரலில்.

"சூட்டுல வச்ச ரெண்டு மூணு நாள்லயே ஆரம்பிச்சுடும்."

"யாரு ஓட்டறா?"

அக்கா யோசித்தாள். "தெரியல. நானும் இத்தனை வருஷமாப் பாக்கறேன், தெரியல."

அவர் மறுபடியும் குனிந்தார். இரண்டு பேரும், தட்டோடு நின்ற தோழியும், அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முட்டை சூடு ஆறிவிடக் கூடாது என்று அக்காதான் கடைசியில் எடுத்து வைத்தாள்.

வேலை முடிந்துவிட்டது என்று மேனேஜர் நினைத்தார். தையற்காரர் அப்படி நினைக்கவில்லை. கீழ்மடிப்பை அவர் அழுத்தித் தைக்காமல், இழுத்தால் வருகிற ஓட்டுத் தையலாகவே விட்டிருந்தார். புதுத்துணி தொங்கி நீளும், அதன்பிறகுதான் மடிக்க வேண்டும், நான் மறுபடி வருவேன், எந்த நாள் என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள் என்றார். துணி நீளும் என்பதென்னவோ உண்மைதான். ஆனால் எந்த நாள் கூப்பிட்டாலும் உள்ளே நுழையத் தகுதியாக இருக்க வேண்டும் என்றால், எந்த நாளும் அந்தக் கடைப் பக்கம் போக முடியாது. தன் வாய்க்குத் தானே அவர் போட்ட கட்டு அது. அக்காவுக்குப் புரிந்தது, புரிந்ததை அவள் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு கீழ்மடிப்பு முடிந்தபோது பக்கத் தையல் பாக்கி இருந்தது. அதுவும் முடிந்தபோது அடுத்த அறைத் திரையும் நைந்துபோயிருப்பதை அவரே கண்டுபிடித்தார்.

மறு எக்கோ நாள் வந்தது. கிளம்பும்போது கால்சட்டை நிற்காமல் வழுக்கியது, அவர் முணுமுணுத்துக்கொண்டே பெல்ட்டை இறுக்கினார். காகிதங்களைப் புரட்டிப் பார்த்த டாக்டர், ரத்தத்தில் கெட்ட கொழுப்பு இறங்கியிருக்கிறது, குழாயில் படிந்தது கரைந்து ஓடிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன், ஆனால் இப்படியே போனால் போதும் என்றார். பிறகு விளக்கை அணைத்தார்.

திரையில் சாம்பல் கலங்கித் தெளிந்தது. அக்கா இந்தத் தடவை உஷாராக இருந்தாள், முந்தானையை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். டாக்டர் கருவியை மெல்ல நகர்த்தினார். அறையில் மெஷின் சத்தம் மட்டும் இருந்தது. சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தவருக்குத் திரை தெரியாது. கொஞ்ச நேரம் காத்திருந்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

"என்ன, ஒண்ணும் சொல்லக் காணோம்?" என்றார். "நீ சொன்னாத்தானே எனக்குத் தெரியும்."

அக்கா முந்தானையை எடுத்தாள். ஒருமுறை செருமிக்கொண்டாள்.

"ஓடுது" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் கருவியைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்கினார்.